தாய் சேய் நல ஆய்வுக்கு எந்த நிதி? யாழ்ப்பாணத்து ஆய்வாளருக்கு ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு தாய் சேய் நலத்தில் ஆய்வு செய்ய விரும்பும் இளம் விரிவுரையாளரோ வைத்தியரோ நிதி தேடத் தொடங்கும்போது முதலில் கண்ணில் படுவது தொகைதான். உள்நாட்டு மானியம் சில இலட்சம் ரூபாய் என்றும் வெளிநாட்டு மானியம் சில இலட்சம் பவுண் என்றும் அருகருகே நிற்கையில், மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. எனினும் இங்கே ஆய்வுகள் பாதியில் நிற்பதற்குப் பணம் போதாமை ஒரு காரணம் மட்டுமே. விரிவுரை, வாட் கற்பித்தல், பரீட்சை, கிளினிக் ஆகிய எல்லாவற்றுக்கும் இடையில் ஆய்வுக்கென்று ஒதுக்கக்கூடிய நேரம் இல்லாமையும், தரவு சேகரிக்கும் உதவியாளரை ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாமையும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆகவே ஒரு நிதி எவ்வளவு தருகிறது என்று பார்ப்பதற்கு முன், அது யாருடைய நேரத்தை எவ்வளவு காலத்துக்கு விடுவிக்கிறது என்று பார்ப்பது நல்லது. இந்த ஒப்பீடு அந்தக் கேள்வியைக் கொண்டே செய்யப்படுகிறது.

நிதியைத் தெரிவு செய்வதற்கு முன்பே தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. ஒரு பகுதியின் சுகாதாரப் பணிகளை ஒரு வைத்திய அதிகாரியின் கீழ் ஒருங்கிணைத்த, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், ஊர்தோறும் வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சிகளான குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்து இலங்கையின் தாய் இறப்பு வீதத்தைத் தெற்காசியாவில் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்துள்ளனர். கொவிட் பெருந்தொற்றின் உச்சக் காலத்தை விட்டுப் பார்த்தால், அது ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 30இன் பக்கமாக நிற்கிறது. மக்களுக்கு இது பெரும் பேறு. நிதி கேட்கும் ஆய்வாளருக்கு இடைஞ்சல். கேட்ஸ் நிறுவகம் போன்ற பெரும் நிதியளிப்பாளர்களின் பார்வை இயல்பாகவே ஆபிரிக்காவின் பல நாடுகள், இந்தியா, பாகிஸ்தான் போன்ற சுமை மிகுந்த இடங்களை நோக்கிச் செல்கிறது. யாழ் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 6 இலட்சம். ஆண்டுப் பிறப்புகள் சில ஆயிரங்கள். தேசிய வீதத்தை அதில் பொருத்திப் பார்த்தால் ஓர் ஆண்டின் தாய் இறப்புகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். எனவே இறப்பை முதன்மை அளவுகோலாகக் கொண்ட எந்த முன்மொழிவும் மாதிரியளவுக் கணக்கிலேயே, அதாவது எத்தனை தாய்மாரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கிலேயே, விழுந்துவிடும்.

இதற்கு மாறாக, கர்ப்பகால நீரிழிவு, தாயின் அதிக உடல் நிறை, குருதிச்சோகை, குறைமாதப் பிறப்பு, மகப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு, மயிரிழையில் உயிர் தப்பிய தாய்மாரின் அனுபவம் என்பன இங்கே போதிய எண்ணிக்கையில் கிடைக்கும் கேள்விகள். ‘இறப்பைக் குறைத்துவிட்ட ஒரு வறிய நாட்டில் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன’ என்ற சட்டகத்தில் வைத்து எழுதினால், குறைந்த இறப்பு வீதம் என்ற பலவீனமே முன்மொழிவின் பலமாகும். எச் 512 என்று எல்லோரும் அழைக்கும் கர்ப்பவதிப் பதிவேடும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடும் ஏறத்தாழ ஒவ்வொரு தாயின் கையிலும் இருப்பது, செல்வந்த நாடுகள் சிலவற்றில்கூட எளிதில் கிடைக்காத வசதி. நம்மவர் முன்மொழிவுகளில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஒரு பந்தி எழுதலாம்.

இனி உள்நாட்டு நிதிகளுக்கு வருவோம். பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வு மானியம், தேசிய விஞ்ஞான மன்றத்தின் போட்டி அடிப்படையிலான மானியம், 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய ஆராய்ச்சிச் சபையின் மானியம், இலங்கை மருத்துவச் சங்கம் வழங்கும் சிறு மானியங்கள் ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் பல்கலைக்கழக மானியம் தொகையில் சிறியது. ஆனால் விண்ணப்பப் படிவம் சுருக்கமானது, மதிப்பிடுவோருக்கு நம் களம் தெரியும், முதன்முறை விண்ணப்பிப்பவருக்கும் வாய்ப்பு உண்டு. விஞ்ஞான மன்றமும் ஆராய்ச்சிச் சபையும் கூடுதலாகத் தருகின்றன. அவற்றின் உண்மையான மதிப்பு ஆய்வு மாணவர் ஒருவரை முழுநேரமாக அமர்த்த வழிசெய்வதில் இருக்கிறது. முதன்மை ஆய்வாளரின் நேரத்தை இவை விடுவிப்பதில்லை. இன்னொருவரின் நேரத்தை வாங்கித் தருகின்றன. தொடர்கண்காணிப்பு தேவைப்படும் ஆய்வில், பிரசவத்துக்குப் பின் ஆறாம் வாரத்திலும் ஆறாம் மாதத்திலும் தாயைத் தேடிச் செல்ல அந்த இன்னொருவர் இருந்தாலே போதும், ஆய்வு பிழைத்துவிடும்.

உள்நாட்டு நிதியின் பெருங்குறை நாணயத்தில் உள்ளது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. முந்திய ஆண்டில் 10 இலட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் பெற்றிருந்த ஒருவரின் கையில் 5,000 டொலர் இருந்த இடத்தில் 2,800 டொலர்கூட மிஞ்சவில்லை. நேர்முக ஆய்வுகளை இது பெரிதாகத் தாக்காது, ஏனெனில் உதவியாளரின் கொடுப்பனவும் மோட்டார் சைக்கிளுக்கான பெற்றோலும் ரூபாயில்தான் கணக்கு. ஃபெரிட்டின், விற்றமின் டீ போன்ற குருதிப் பரிசோதனைகளை நம்பியிருக்கும் ஆய்வோ இறக்குமதி இரசாயனங்களில் தங்கியிருப்பதால் அப்படியே நின்றுபோகும். எனவே ரூபாய் மானியத்தைக் களப்பணிக்கும், டொலர் அல்லது பவுண் மானியத்தை ஆய்வுகூடச் செலவுக்கும் எனப் பிரித்துத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். கொள்வனவு நடைமுறையையும் கணக்கில் எடுக்க வேண்டும்: அரச பல்கலைக்கழகத்தில் விலைமனுக் கோரி, குழு கூடி, ஒப்புதல் பெற்று ஒரு சிறு உபகரணம் கைக்கு வருவதற்குள் மானியக் காலத்தின் கணிசமான பகுதி போய்விடும். கருவி தேவைப்படாத வடிவத்தில் ஆய்வை அமைக்க முடிந்தால், உள்நாட்டு மானியமே ஏனைய எல்லாவற்றையும்விட வேகமாக முடிவைத் தரும் என்பது என் கருத்து.

வெளிநாட்டுச் சிறு மானியங்களில் யாழ்ப்பாணத்துக்கு மிகவும் பொருந்துவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சோல்ட் லேக் சிட்டியைத் தளமாகக் கொண்ட த்ராஷர் ஆய்வு நிதியத்தின் இளம் ஆய்வாளர் விருது. குழந்தை மருத்துவ ஆய்வுக்கென்றே இயங்கும் இந்த நிதியம் குடியுரிமைக் கட்டுப்பாடு எதையும் விதிப்பதில்லை. ஏறத்தாழ 25,000 டொலர் வழங்குகிறது. அனுபவமிக்க வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்தத் தொகை இங்கே இரண்டு ஆண்டுக் களப்பணிக்குப் போதுமானது. நடத்தை அறிவியல் ஆய்வுகளை அது ஏற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாய்ப்பாலூட்டல் பற்றிய மனப்பாங்கு ஆய்வு அங்கே பொருந்தாது. நிறை குறைந்து பிறந்த குழந்தைகளின் வளர்ச்சியோ புதிதாய்ப் பிறந்த குழந்தையின் மஞ்சட்காமாலையைக் கண்டறியும் முறையோ பொருந்தும். 2008இல் கேட்ஸ் நிறுவகம் தொடங்கிய பெருஞ்சவால் ஆய்வு அழைப்புகள், இரண்டு பக்க விண்ணப்பத்துக்கு 100,000 டொலர் என்ற வசீகரத்தால் பலரையும் இழுத்தவை. அவை புதிய எண்ணத்தைத் தேடுபவை. நம் மாவட்டத்தின் நிலையை விபரிக்கும் ஆய்வுக்கு அங்கே இடமில்லை. இரண்டு பக்கம் என்பது எழுதுவதற்கு எளிது, வெல்வதற்கு மிகக் கடினம்.

அடுத்தது, ஆய்வுக்குப் பணம் தராமல் ஆளுக்குப் படிப்பைத் தரும் புலமைப்பரிசில்கள். பிரித்தானிய அரசின் செவனிங், ஓராண்டு முதுமாணிப் பட்டத்துக்கு உரியது. இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பது. முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது. பொதுச் சுகாதாரத்தில் அடித்தளம் இல்லாத ஒருவருக்கு அது நன்று. ஏற்கெனவே பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணி முடித்தவர் அதற்காக ஓராண்டைச் செலவிட வேண்டியதில்லை. அவுஸ்திரேலிய விருதுகளும் அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டும் இதே வரிசையில் வருபவை. இரண்டுக்கும் திரும்பி வரும் நிபந்தனை உண்டு. தொற்றியல் முறையியலிலோ புள்ளிவிபரவியலிலோ ஆழமாகப் பயில விரும்புவோர் இவற்றைப் பரிசீலிக்கலாம்; இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

கலாநிதிப் பட்டம் இல்லாத தகுதிகாண் விரிவுரையாளர் முன்னால் உள்ள தெரிவுதான் உண்மையில் கடினமானது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஆணைக்குழு இரண்டு வழிகளைத் தருகிறது: பிரித்தானியாவிலேயே முழுக் கலாநிதிப் படிப்பு ஒன்று, சொந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு அதிகபட்சம் பன்னிரண்டு மாதங்களைப் பிரித்தானியாவில் கழிக்கும் பிரிநிலைப் புலமைப்பரிசில் மற்றொன்று. முழுப் படிப்பில் மதிப்பு அதிகம், மேற்பார்வை உறுதியானது, நூலகமும் சகபாடிகளும் கிடைப்பார்கள். எனினும் ஆய்வின் களம் சாவகச்சேரியிலும் பருத்தித்துறையிலும் இருக்க, ஆய்வாளர் மூன்று ஆண்டும் லண்டனிலோ லிவர்பூலிலோ இருந்தால், தரவைச் சேகரிப்பது வேறொருவரின் கையில் போய்விடும்; அல்லது ஒரே ஒரு களப்பயணத்துக்குள் எல்லாவற்றையும் அவசரமாக அள்ளிக்கொண்டு போக வேண்டிவரும். கர்ப்பம் தொடங்கிப் பிள்ளையின் முதலாவது பிறந்தநாள் வரை பின்தொடரும் ஆய்வை அப்படிச் செய்ய முடியாது. ஒரு தாயைச் சேர்ப்பதிலிருந்து அவருடைய கடைசி அளவீடு வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் செல்லும். முழு மாதிரியையும் சேர்த்து முடிக்க இன்னும் ஓராண்டாவது வேண்டும்.

பிரிநிலை முறையில் களம் நம் கையில் இருக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுடனும் குடும்பநல உத்தியோகத்தர்களுடனும் உள்ள உறவு அறுந்துபோகாது. கற்கை விடுமுறை குறுகியதாக இருப்பதால் பிணை ஆண்டுகளும் (திரும்பி வந்து கட்டாயமாகப் பணியாற்ற வேண்டிய காலம்) குறையும். துறையில் கற்பித்தல் முற்றாக நின்றுவிடாது. வெளியே செல்லும் பன்னிரண்டு மாதங்களைப் பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும் வைத்துக்கொண்டால், நேரத்தை விடுவித்தல் என்ற அளவுகோலில் இதுவே முதலிடம் பெறும். குறைகளும் உண்டு. இரு பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இடையே முன்கூட்டியே ஒரு தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தொடர்பை மின்னஞ்சல் ஒன்றில் உருவாக்கிவிட முடியாது. இங்குள்ள மேற்பார்வையாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்தாலோ வேறு நாட்டுக்குச் சென்றுவிட்டாலோ படிப்பு அந்தரத்தில் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இந்தப் புலமைப்பரிசில் அங்கே வாழும் செலவையும் கட்டணத்தையும் விமானச் சீட்டையும்தான் தருகிறது; நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போய்வரும் உதவியாளருக்குக் கொடுக்க ஒரு சதமும் அதில் இல்லை. ஆகவே இதைத் தனியாக எடுக்காமல், ஓராண்டு முன்னதாகவே ஆராய்ச்சிச் சபையிலோ பல்கலைக்கழகத்திலோ களப்பணி மானியம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு அதனுடன் இணைக்க வேண்டும். கலாநிதிப் பட்டம் இல்லாத விரிவுரையாளருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த இணைப்பையே. ஆய்வுக் கேள்வி முழுவதும் ஆய்வுகூடம் சார்ந்ததாகவும் அதற்கான கருவி இலங்கையில் இல்லாததாகவும் இருந்தால் மட்டும் முழுப் படிப்பை எடுக்கலாம்.

கலாநிதிப் பட்டம் முடித்தவருக்கு எதிரே இரண்டு பெரிய கதவுகள் உள்ளன. பிரித்தானியாவின் வெல்கம் அறக்கட்டளையின் இளம் ஆய்வாளர் விருது வழமையாக ஐந்து ஆண்டுக்கு உரியது. சம்பளத்துக்கு மேலதிகமாக ஆய்வுச் செலவுக்கு 400,000 பவுண் வரை தருகிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் நிறுவனங்களில் இருந்துகொண்டே விண்ணப்பிக்க இடமளிக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஃபோகார்ட்டி சர்வதேச நிலையம் வழங்கிவந்த கே 43 விருது மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு உரியது. இளநிலைப் பதவியில் உள்ள வளர்முக நாட்டு ஆய்வாளருக்கென்றே அமைக்கப்பட்டது. அமெரிக்க வழிகாட்டி ஒருவரையும் உள்நாட்டு வழிகாட்டி ஒருவரையும் கேட்பது. முன்னது எண்ணத்தை எடைபோடுகிறது. பின்னது ஆளின் வளர்ச்சித் திட்டத்தை எடைபோடுகிறது. வெளியீடுகள் குறைவாக இருந்தும் நல்ல வழிகாட்டிகள் அமைந்த ஒருவருக்குப் பின்னது கூடுதலாகக் கைகொடுக்கும்.

கே 43 தன் பயனாளரின் வேலை நேரத்தில் 75 வீதத்தை ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதிக்கிறது. நேரமே அரிதான இடத்தில் இதைவிட நல்ல நிபந்தனை வேறில்லை என்று தோன்றும். ஆனால் துறையில் மூன்று நான்கு பேரே கற்பிக்கும்போது, ஒருவரின் முக்கால் பங்கு நேரத்தை விடுவிப்பதாக எழுதிக் கையெழுத்திடுவதற்கு எந்தத் துறைத் தலைவரும் பீடாதிபதியும் தயங்குவர். கையெழுத்திட்டாலும் நடைமுறையில் பரீட்சைக் காலம் வந்ததும் அந்த வாக்குறுதி கரைந்துவிடும். எனவே விண்ணப்பத்தை எழுதத் தொடங்கும் முன்பே, மாற்று விரிவுரையாளரை நியமிக்கும் செலவை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று பல்கலைக்கழகத்தின் நிதியாளருடன் பேசி எழுத்தில் பெற வேண்டும். அமெரிக்க நிதிக்கு நிறுவனமே முதலில் பல அரச இணையப் பதிவுகளைச் செய்திருக்க வேண்டும். அவை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இழுபடும். மேலும், 2025 மே மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் வெளிநாட்டுத் துணை மானியங்களை வழங்கும் முறையை நிறுத்தி மாற்றியமைப்பதாக அறிவித்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகம் முதன்மையாகவும் யாழ்ப்பாணம் துணையாகவும் இருக்கும் பழைய மாதிரியை நம்பி இப்போது திட்டமிடுவது பாதுகாப்பற்றது. இன்றைய நிலையில் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், வெல்கம் பக்கமே சாய்வேன். போட்டி கடுமையானதுதான், ஆனால் அரசாங்கத்தின் பாதீட்டில் தங்கியிராத அறக்கட்டளை அது.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார மற்றும் பராமரிப்பு ஆய்வு நிறுவனத்தின் உலகளாவிய சுகாதார நிதி போன்றவை பெரும்பாலும் தனிநபருக்கு உரியவை அல்ல. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டணிகளுக்கு உரியவை. இவற்றில் யாழ்ப்பாணம் ஒரு களமாகச் சேர்ந்துகொள்ளலாம். உழைப்பு குறைவு, கற்கக்கூடியது அதிகம், நிர்வாகச் சுமை பெரும்பாலும் முதன்மை நிறுவனத்துக்கு. கேள்வியை வகுக்கும் கட்டத்தில் நம்மை அழைத்தார்களா, அல்லது விண்ணப்பம் முடியும் வாரத்தில் ஆதரவுக் கடிதம் மட்டும் கேட்டார்களா என்பதைக் கொண்டு சேர்வதா விலகுவதா என்று முடிவெடுக்கலாம். இரண்டாவது வகையில் சேர்ந்தால், தாய்மாரைச் சேர்ப்பது நாம், முதல் ஆசிரியர் அவர்கள் என்றே முடியும். பிரித்தானியா தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தின் 0.5 வீதத்திலிருந்து 2027க்குள் 0.3 வீதமாகக் குறைப்பதாக அறிவித்திருப்பதால், உதவி நிதியில் நடக்கும் இத்தகைய கூட்டணிகளுக்கு இறுக்கமான காலம் வருகிறது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே, சுகாதார வைத்திய அதிகாரியாகப் பணியாற்றுபவருக்குக் கணக்கு வேறு. அவரிடம் களமும் பதிவேடுகளும் உத்தியோகத்தர்களும் உண்டு. மானியத்தைப் பெற்று நடத்தும் நிறுவன அமைப்பு இல்லை. பெரும்பாலான போட்டி மானியங்கள் அவருக்குத் தனியாகக் கிடைப்பது கடினம். மருத்துவச் சங்கத்தின் சிறு மானியம் ஒன்றை எடுத்து, மருத்துவபீட விரிவுரையாளர் ஒருவரை இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்வது அவருக்கு ஏற்றது. எந்த வழியானாலும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதியும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியும் தனித்தனியே வேண்டும். புதிய சிகிச்சையையோ நடைமுறையையோ கொடுத்துப் பார்க்கும் தலையீட்டு ஆய்வாயின் இலங்கை மருத்துவச் சோதனைகள் பதிவகத்தில் முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்னரே பதிய வேண்டும். குருதி மாதிரி நாட்டை விட்டு வெளியே போவதாயின் மாதிரிப் பரிமாற்ற உடன்படிக்கையும் சேரும். இந்த அனுமதிகளுக்குச் செல்லும் மாதங்களை மானியக் காலத்துக்குள் அடக்காமல் முன்னதாகவே முடித்துவைத்திருப்பவரின் விண்ணப்பம், மதிப்பிடுவோர் கண்ணில் வேறு தரத்தில் தெரியும்.

கடைசியாக, வேறு மாவட்டங்களுக்கு அவ்வளவாக வாய்க்காத ஒரு வழி யாழ்ப்பாணத்துக்கு உண்டு. மருத்துவபீடத்தின் பழைய மாணவர் பலர் பிரித்தானியாவிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் மூத்த வைத்திய நிபுணர்களாக உள்ளனர். ஊர்ச் சங்கங்களும் உள்ளன. வெளியார் பணத்தில் இங்குள்ள தாய்மாருக்கான பணி நடப்பது புதிதும் அன்று. இணுவில் மக்லியொட் ஆசுப்பத்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிஷன் நிதியில் எழுந்ததுதான். புலம்பெயர்ந்தோர் நிதி வேகமானது, படிவம் குறைந்தது, வெளிநாட்டு நாணயத்தில் வருவது. சக மதிப்பாய்வு இல்லாததால் பதவி உயர்வுக்கான புள்ளிகளில் அதன் பெறுமதி குறைவு. கொடுப்பவர் கருவியைக் கொடுக்க விரும்புவாரேயன்றி ஆய்வு உதவியாளரின் சம்பளத்தைக் கொடுக்க விரும்புவது அரிது. நான் இதை முழு ஆய்வுக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பெரிய விண்ணப்பத்துக்கு முன்னோடியாக ஐம்பது அறுபது தாய்மாருடன் செய்யும் முன்னாய்வுக்கு மிகவும் ஏற்றது. அப்போதும் பணம் தனிப்பட்ட கணக்குக்கு வராமல் பல்கலைக்கழகப் பேரவையின் ஒப்புதலுடன் நிதியாளர் ஊடாக வர வேண்டும். முடிவு எதுவானாலும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கே என்ற ஒரு வரி கொடைக் கடிதத்தில் இருக்க வேண்டும்.